வெள்ளி கறுத்தும் பட்டு வெளிறியும் தெரிந்தால்: படப் பிழைகளை ஒளியின் வழியே களையும் முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் உருவாகும் கொலுசும், அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டித் தறிகளில் நெய்யப்படும் பட்டும், இளம்பிள்ளைச் சேலையும், ஏற்காட்டுத் தேனும் மிளகும் இன்று பெரும்பாலும் போனில் எடுத்த படத்தைக் காட்டியே விலை பேசப்படுகின்றன. படம் சரியாக வராதபோது இன்னொரு விளக்கை வாங்கி மாட்டுவதுதான் பலரும் முதலில் செய்யும் காரியம். அப்படி மாட்டிய பிறகும் கொலுசு கறுத்தே தெரிகிறது, வேட்டி சாம்பல் நிறமாகவே நிற்கிறது. காரணம், பிழை பெரும்பாலும் ஒளியின் அளவில் இருப்பதில்லை. ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது, அந்தப் பொருள் அந்த ஒளியை என்ன செய்கிறது என்ற இரண்டில்தான் இருக்கிறது.

ஒரு பொருளின் மீது விழும் ஒளி மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பலாம். சற்று உள்ளே சென்று பல திசைகளிலும் சிதறி வெளிவரலாம். ஊடுருவி மறுபுறம் போகலாம். உட்கவரப்பட்டு வெப்பமாகவும் மாறலாம். எல்லாப் பொருள்களிலும் இவை கலந்தே நிகழ்கின்றன என்றாலும், எது மேலோங்குகிறதோ அதைப் பொறுத்தே விளக்கை வைக்க வேண்டிய இடம் அமைகிறது. கீழே குறிகளை வைத்தே பகுதிகள் பிரிக்கப்பட்டுள்ளன. உங்கள் படத்தில் தெரியும் குறியைத் தேடி நேராக அந்தப் பகுதிக்குச் செல்லலாம். அதற்கு முன் மூன்று செயல்கள் எல்லோருக்கும் பொது: போனின் லென்சை மென்மையான துணியால் துடையுங்கள், ஃபிளாஷை அணையுங்கள், சன்னல் ஒளியையும் விளக்கொளியையும் கலக்காமல் ஏதேனும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குறி: வெள்ளிக் கொலுசு திட்டுத் திட்டாகக் கறுத்துத் தெரிகிறது

முதலில் அந்தக் கறுப்பு வெள்ளியில் இருக்கிறதா, அறையிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும். போனையும் விளக்கையும் அசைக்காமல் கொலுசை மட்டும் மெல்லத் திருப்புங்கள். கறுப்பு கொலுசோடு சேர்ந்து நகர்ந்தால் அது வெள்ளியின் மேல் படிந்த கறை. கொலுசு நகர்ந்தும் கறுப்பு பழைய இடத்திலேயே நின்றால் அது எதிரொளிப்பு.

கறை என்றால் எந்த விளக்கும் உதவாது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்பைடு என்னும் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது அதன் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுச் சில நிறங்களைக் குறைத்துவிடுகின்றன. அதனால்தான் கறுக்கத் தொடங்கும் கொலுசு முதலில் இளமஞ்சளாகவும், பிறகு பழுப்பும் நீலமும் கலந்தும், இறுதியில்தான் கறுப்பாகவும் தெரிகிறது. படத்தில் இளமஞ்சள் தெரிந்தால் அதை விளக்கின் குறை என்று எண்ணி நிறத்தைத் திருத்திக்கொண்டிருக்காமல் மெருகு போட்டுக் கொண்டுவருவதே சரி.

எதிரொளிப்பு என்றால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் சேலத்தில் எடுக்கப்படும் படங்களில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான். உலோகத்தில் கட்டுப்பாடின்றி உலவும் எலக்ட்ரான்கள் நிறைந்திருப்பதால் ஒளி உள்ளே நுழைய முடியாமல் மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. மெருகேற்றிய வெள்ளி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் திருப்பிவிடும். இதில் அதை விஞ்சும் உலோகம் இல்லை. பட்ட கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்பதால், கொலுசின் ஒவ்வொரு வளைவும் தனக்கு நேர் எதிரே உள்ளதை மட்டுமே போனுக்குக் காட்டுகிறது. இருண்ட அறையில் ஒரே ஒரு பிரகாசமான பல்பை வைத்தால், பல்பைக் காட்டும் ஒரு புள்ளி வெளுத்துப்போகும். மற்ற வளைவுகள் எல்லாம் இருண்ட அறையையும், கறுப்புப் போனையும், படம் எடுப்பவரின் சட்டையையும் காட்டும். பல்பின் வலிமையைக் கூட்டினால் அந்தப் புள்ளி மட்டும் இன்னும் வெளுக்கும், கறுப்பு குறையாது. பச்சைச் சுவர் உள்ள அறையில் வெள்ளி பச்சையாகத் தெரிவதும் இதனால்தான்.

எங்கே ஒளி தேவை என்பதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. போனைத் தாங்கியில் நிறுத்தித் திரையைப் பார்த்தபடியே, அஞ்சலட்டை அளவுள்ள வெள்ளை அட்டை ஒன்றைக் கொலுசைச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். கறுத்திருந்த வளைவு எந்த இடத்தில் வெளுக்கிறதோ, அந்த இடம்தான் அந்த வளைவு பார்த்துக்கொண்டிருக்கும் இடம். அங்கே விளக்கு வேண்டியதில்லை. வெளிச்சமான ஒரு பரப்பு இருந்தால் போதும். இப்படிச் சோதித்துப் பார்த்தால், சலங்கைமணிகள் கோத்த கொலுசுக்கு ஏறத்தாழ எல்லாத் திசைகளிலும் வெளிச்சப் பரப்பு தேவைப்படுவது தெரியவரும். மணியின் உருண்டைப் பரப்பு அறை முழுவதையும் பார்க்கிறது.

ஆகவே டிரேசிங் பேப்பரையோ பழைய வெள்ளை வேட்டித் துணியையோ கொலுசின் மேல் கூடாரமாக வளைத்து நிறுத்தி, விளக்குகளைக் கூடாரத்துக்கு வெளியே வையுங்கள். ஒளி தாளில் பட்டுச் சிதறி, தாள் முழுவதும் ஒரு பெரிய விளக்காகிவிடும். போனின் லென்ஸ் அளவுக்கு மட்டும் ஒரு துளை போதும். விளக்கைத் தாளுக்கு மிக அருகே வைத்தால் தாளில் ஒரு சிறு வட்டம் மட்டுமே ஒளிரும், பழைய பிழை திரும்ப வரும். தாள் முழுவதும் சீராக ஒளிரும் வரை விளக்கைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு புதிய குறி ஒன்று தோன்றும்: கொலுசு கறுப்பில்லாமல் இருக்கும், ஆனால் அலுமினியம் போலச் சப்பையாகத் தெரியும். எல்லாத் திசையும் ஒரே வெண்மையாகிவிட்டதால் வளைவுகளைப் பிரித்துக் காட்ட எதுவும் மிச்சமில்லை. விரல் அகலத்தில் கறுப்பு அட்டைப் பட்டைகளை வெட்டிக் கூடாரத்தின் உட்புறத்தில் ஓரிரு இடங்களில் ஒட்டுங்கள். கம்பிகளின் ஓரங்களிலும் மணிகளின் விளிம்பிலும் மெல்லிய கருங்கோடுகள் தோன்றி, வெள்ளி வெள்ளியாகத் தெரியத் தொடங்கும். கூடாரம் வரை வந்து நின்றுவிடுபவர்கள் பலர். என் கருத்தில், பட்டறையின் கைத்திறன் படத்தில் வெளிப்படுவது இந்தக் கறுப்புப் பட்டைகளால்தான்.

குறி: வெள்ளி நன்றாக இருக்கிறது, பதித்த கற்கள் மட்டும் உயிரற்றுத் தெரிகின்றன

கூடாரம் வெள்ளிக்கு நல்லது, கல்லுக்கு நல்லதன்று. கல் ஒளியை உள்ளே வாங்கி, உட்பக்க முகப்புகளில் பட்டுத் திருப்பி அனுப்புவதால் மின்னுகிறது. கொலுசில் பதிக்கும், வைரம்போல் தெரியும் செயற்கைக் கற்களான கியூபிக் சிர்கோனியாவின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) சுமார் 2.16. எனவே அதன் மாறுநிலைக் கோணம் சுமார் 28 பாகை. அதைவிடச் சாய்வாக உட்பக்க முகப்பில் படும் ஒளி வெளியேற முடியாமல் முழு அக எதிரொளிப்பு அடைகிறது. இந்த விளையாட்டு கண்ணுக்குப் புலப்பட ஒளி சிறிய, தெளிவான ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். எங்கும் பரந்த ஒளியில் எல்லா முகப்புகளும் ஒரே அளவாக ஒளிர்வதால் மின்னல் தெரிவதில்லை. கூடாரத்தின் ஒரு பக்கத்தில் சிறு துளையிட்டு, அதன் வழியே சிறிய டார்ச் விளக்கின் ஒளியைக் கற்களின் மேல் மட்டும் விழச் செய்யுங்கள்.

அப்படியும் மின்னவில்லை என்றால் கல்லின் பின்புறத்தைப் பாருங்கள். பின்புறம் திறந்த பதிப்பாக இருந்து, அங்கே விரல் பட்டு எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால், கல்லுக்கு வெளியே இருப்பது காற்று அன்று, எண்ணெய். எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47 ஆகையால் மாறுநிலைக் கோணம் 28 பாகையிலிருந்து ஏறத்தாழ 43 பாகைக்கு உயர்ந்துவிடுகிறது. திரும்பி வர வேண்டிய ஒளியில் பெரும்பகுதி பின்புறமாகக் கசிந்துபோகிறது. முன்புறத்தை எவ்வளவு துடைத்தும் பயனில்லாமல் போவதற்குக் காரணம் இதுவே. மென்மையான பிரஷ்ஷால் பின்புறத்தைக் கழுவி உலர்த்திவிட்டு எடுங்கள்.

குறி: வெண்பட்டு வேட்டி சாம்பல் நிறமாகவோ நீலமாகவோ தெரிகிறது

புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டின் பெருமையே அதன் வெண்மையும் மெல்லிய மினுமினுப்பும்தான். இரண்டையும் போன் எளிதில் கெடுத்துவிடும். சாம்பல் நிறத்துக்குக் காரணம் பட்டு அன்று, போனின் கணக்கு. தான் பார்க்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவுக்கே ஒளியைத் திருப்பும் என்று கேமரா எதிர்பார்க்கிறது. திரை முழுவதும் வெண்பட்டு நிறைந்திருக்கும்போது அதை அளவுக்கு மீறிய வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு படத்தை இருட்டாக்குகிறது. திரையில் பட்டின் மேல் விரலை வைத்து அழுத்தி, தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே நகர்த்துங்கள். மடிப்புகளின் நிழல் மறையாத அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏற்காட்டுக் கறுமிளகுக்கும் காப்பிக்கொட்டைக்கும் இதற்கு நேர்மாறாக அந்தக் குறியைக் கீழே இறக்க வேண்டும்.

நீலத்துக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, நிழலில் எடுத்திருப்பீர்கள். நேர் வெயில் மறைந்த இடத்தில் பொருளின் மேல் விழுவது பெரும்பாலும் வானத்தின் நீல ஒளி; உச்சிவெயிலின் நிற வெப்பநிலை சுமார் 5,500 கெல்வின் என்றால் திறந்த நிழலில் அது 7,000 கெல்வினையும் தாண்டும் (இந்த எண் கூடக் கூட ஒளி நீலமாகும்). போன் எதை வெள்ளையாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லும் வைட் பேலன்ஸ் அமைப்பைத் திருத்தினால் இது போய்விடும்.

இன்னொன்று நுட்பமானது. சில துணிகளுக்கும், சோப்புத் தூளில் துவைத்தவற்றுக்கும் வெண்மையூட்டும் சாயம் ஏறியிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உட்கவர்ந்து, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாக வெளியிடுகிறது. வெயிலில் புற ஊதாக் கதிர் உண்டு. வழக்கமான வெள்ளை எல்.இ.டி. விளக்கில் அது இல்லை என்றே சொல்லலாம். ஆகவே ஒரே வேட்டி வெயிலில் நீலம் பூத்தும், கடை விளக்கில் சற்று மஞ்சளித்தும் தெரிகிறது. இதைச் சோதிக்க, சாயம் ஏறாத பட்டுத் துண்டு ஒன்றை அருகில் வைத்து வெயிலில் எடுங்கள். ஒன்று மட்டும் நீலமானால் சாயம்தான் காரணம். லென்சின் மேல் புற ஊதா வடிகட்டி போடுவதால் பயன் இல்லை, ஏனெனில் துணியிலிருந்து வருவது ஏற்கெனவே நீலமாக மாறிவிட்ட ஒளி. எல்லாத் துணிகளையும் ஒரே எல்.இ.டி. விளக்கின் கீழ் எடுப்பதுதான் வழி.

மினுமினுப்பு தெரியவில்லை என்று சொல்பவர்கள் விளக்கின் இடத்தை மாற்றாமல் துணியை மட்டும் கிடைமட்டமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பசை நீக்கிய பட்டு இழையின் குறுக்குவெட்டு முக்கோண வடிவை ஒத்திருப்பதால், அதன் தட்டையான முகங்கள் ஒளியைச் சில திசைகளில் மட்டும் திரட்டித் திருப்புகின்றன. பருத்தி இழையோ முறுக்கியும் ஒழுங்கற்றும் இருப்பதால் எல்லாத் திசையிலும் சிதறவிடுகிறது. பட்டில் பாவு இழைகள் ஒரு திசையிலும் ஊடை இழைகள் குறுக்கேயும் ஓடுவதால், துணியைத் திருப்பும்போது ஒரு நிலையில் மினுமினுப்பு சட்டென்று எழும். பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாக நெய்த சேலைக்கு ஒரே படம் போதாது. இரு கோணங்களில் இரண்டு படம் அனுப்பினால்தான் வாங்குபவருக்கு உண்மை தெரியும். பின்னர் "நிறம் வேறாக இருக்கிறது" என்ற புகாரும் வராது.

குறி: தேன் புட்டி தார்போல் கறுத்துத் தெரிகிறது

தேன் நீல ஒளியை மிகுதியாக உட்கவர்கிறது. ஒளி எவ்வளவு தூரம் தேனுக்குள் பயணம் செய்கிறதோ அவ்வளவுக்கு நிறம் அழுத்தமாகும். முன்னாலிருந்து ஒளி விட்டால், அது புட்டியைக் கடந்து பின்னாலுள்ள இருட்டில் போய் மறைந்துவிடும். திரும்பி வர அங்கே எதுவும் இல்லை. புட்டிக்குப் பின்னால் வெள்ளைத் தாளை நிறுத்தி, விளக்கை அந்தத் தாளின் மேல் செலுத்துங்கள். பொன்னிறம் உடனே எழும். லேபிள் இருண்டுபோனால் முன்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் போதும்.

தேனும் கண்ணாடியும் ஏறத்தாழ ஒரே ஒளிவிலகல் எண் கொண்டவை, இரண்டும் 1.5ஐ ஒட்டியவை. எனவே அவற்றின் இடைமுகத்தில் ஒளி திரும்புவதும் வளைவதும் மிகக் குறைவு. உருண்டைப் புட்டி முழுவதும் ஒரே தடித்த லென்ஸாகிறது. பின்னணியில் உள்ளவை அதற்குள் இடம் வலமாக மாறித் தெரியும். தாளின் ஓரம் புட்டிக்குள் கருங்கோடாக வந்தால் அகலமான தாளை வையுங்கள்.

குறி: ஷோகேஸ் கண்ணாடியில் படம் எடுப்பவரே தெரிகிறார்

கண்ணாடியை நேராகப் பார்க்கும்போது ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்புகிறது. இரு பரப்பும் சேர்ந்து 8 விழுக்காடு. உள்ளே விளக்கை ஏற்றி வெளியே விளக்கை அணைத்தால் பாதிப் பிழை போய்விடும். மீதிக்குப் போலரைசர் வடிகட்டி வேண்டும்; ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் தடுக்கும் வகையில் திருப்பி வைக்கக்கூடியது அது. ஆனால் அது நேர்ப்பார்வையில் வேலை செய்யாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 பாகை சாய்ந்து நின்று பார்க்கும்போதுதான் திரும்பும் ஒளி முழுவதும் ஒரே தளத்தில் அதிர்கிறது. 1815ல் டேவிட் புரூஸ்டர் கண்டறிந்த இந்தக் கோணத்தில் நின்று வடிகட்டியைத் திருப்பினால் எதிரொளிப்பு மறையும்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1921ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலை நோக்கிச் செய்த சோதனையும் இதே முறையில் அமைந்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற கருத்து அப்போது நிலவியது. அவர் நீர்ப்பரப்பின் எதிரொளிப்பை போலரைசர் போலவே வேலை செய்யும் நிக்கோல் பட்டகத்தால் நீக்கிவிட்டுப் பார்த்தபோது நீலம் குறையவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு அது வழிகாட்டியது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் மழை நின்றதும் இலைகளின் மேல் வெள்ளைப் பளபளப்பு படர்ந்து பச்சை வெளிறித் தெரிந்தால், போலரைசரைத் திருப்பிப் பாருங்கள். அதே விளைவை நேரில் காணலாம்.

வெள்ளிக்கும் எவர்சில்வருக்கும் இந்த வடிகட்டியை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி எந்தக் கோணத்திலும் முழுமையாக ஒரே தள அதிர்வு பெறுவதில்லை. எவர்சில்வர் தட்டில் கடைசல் கோடுகள் வட்டமாக ஓடினால் மையத்திலிருந்து இரு பக்கமும் விசிறியாக வெளிச்சம் விரியும். கோடுகளுக்குக் குறுக்கே ஒளி பரவுவதால் வருவது அது. விளக்கின் முன் அகலமான தாளை வைத்தால் விசிறி விரிந்து மென்மையாகும். முழுவதும் மறையாது, மறைய வேண்டியதும் இல்லை.

குறி: ஜவ்வரிசி பச்சையாக இருக்கும்போது வெண்மை, வெந்தபின் படத்தில் அழுக்காகத் தெரிகிறது

உலர்ந்த ஜவ்வரிசியில் மாவுத் துகள்களுக்கிடையே காற்று இருக்கிறது. துகளும் காற்றும் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளி திசைமாறிச் சிதறுவதால் மணி வெண்மையாகத் தெரிகிறது. வேகும்போது காற்றிருந்த இடத்தில் நீர் புகுந்து, மாவு வீங்கி, எல்லைகள் மறைகின்றன; சிதறல் குறைந்து மணி ஒளியை ஊடுருவ விடுகிறது. வெள்ளைக் கிண்ணத்தில் மேலிருந்து எடுத்தால் அது சாம்பலாகத் தெரிவது அதனால்தான். கருநிறக் கிண்ணத்தில் வைத்து, பின்பக்கச் சன்னலொளியில் எடுங்கள். ஈரத்துணி கருத்துத் தெரிவதும் இதே காரணத்தால், எனவே துணியை நன்றாக உலர்த்தியே படமெடுக்க வேண்டும்.

குறி: ஏற்காட்டு மூடுபனியில் படம் வெறும் வெள்ளைச் சுவராக வருகிறது

ஃபிளாஷ் தானாக எரிந்திருக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மலையைத் தழுவும் பனித்துளிகள் சில மைக்ரோமீட்டர் முதல் இருபது மைக்ரோமீட்டர் வரை பருமன் உள்ளவை. ஒளியின் அலைநீளமோ அரை மைக்ரோமீட்டர் அளவே. அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரிய துளிகள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடிப்பதால் பனி வெண்மையாக இருக்கிறது, அருகிலுள்ள துளிகளில் பட்ட ஃபிளாஷ் ஒளி பொருளை அடையுமுன்பே லென்ஸுக்குத் திரும்பிவிடுகிறது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஹைபீம் போட்டால் சாலை மறைவதும் இதனால்தான். லோபீமில் மெல்ல வருவதே பாதுகாப்பு. படத்துக்கு ஃபிளாஷை அணைத்து, எடுக்க விரும்பும் மரத்தையோ ஆளையோ நெருங்கிச் செல்லுங்கள். இடையில் உள்ள பனியின் தடிமன் குறைந்தால்தான் நிறம் திரும்பும்.

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலம் நகரத்தை எடுக்கும்போது வெண்மையின்றி நீலப்படலம் தெரிந்தால் அது வேறு குறி. காற்றின் மூலக்கூறுகள் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை ஆகையால் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கின்றன. அந்தச் சிதறிய ஒளி, சூரியனுக்குச் செங்கோணமான திசையில் பெரிதும் ஒரே தளத்தில் அதிர்வதால், சூரியனைத் தோளுக்குப் பக்கவாட்டில் வைத்து நின்று போலரைசரைத் திருப்பினால் படலம் கணிசமாகக் குறையும். தூசியும் புகையும் கலந்த நாளில் இது குறைவாகவே பலன் தரும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையைத் தேர்ந்தெடுங்கள்.

குறி: படத்தில் குறுக்கே கோடுகள், அல்லது சேலையில் உண்மையில் இல்லாத அலை வடிவம்

கோடுகள் பொருளால் வருவன அல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் கோடு போகும். அலை வடிவம், நெருக்கமாக நெய்த இழைகளின் வரிசையும் கேமரா உணரியின் கட்ட வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் தோன்றுவது. போனை ஒரு சாண் முன்னோ பின்னோ நகர்த்தி, துணியைச் சற்றுச் சாய்த்து எடுங்கள்.